ஒரு முறை கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள்: வீட்டில் ஆல்கோ ஓட்டும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

பகலில் ஒரு வேலை, அதன் ஓரத்தில் நீங்களே எழுதிய ஒரு பைத்தான் நிரல், அந்த நிரலின் கையில் உங்கள் டிரேடிங் கணக்கு என்று வாழ்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய நிறுவனங்களுக்கு இதைச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். அம்பத்தூரிலும் சரவணம்பட்டியிலும் ஓசூரிலும் மேசைக்கடியில் ஒரு கணினியை ஓடவிட்டு, அதை நம்பி ஆபீஸுக்குக் கிளம்பிப் போகிற உங்களுக்குச் சொல்லத்தான் யாரும் இல்லை. நானும் உங்களில் ஒருவன். அந்த உரிமையில் கொஞ்சம் கடிந்துகொள்ளவும் போகிறேன்.

நாம் சந்தித்தால் என்ன பேசுகிறோம்? எந்த ஸ்ட்ராடில், எத்தனை மணிக்கு, எத்தனை சதவீத ஸ்டாப்லாஸ், ஐந்து வருட பேக்டெஸ்ட் என்ன சொல்கிறது. டீ ஆறிப்போகும் வரை இதுதான் பேச்சு. "உன் நிரல் கடைசியாக எப்போது செத்தது? சாகும்போது கையில் என்ன பொசிஷன் இருந்தது?" என்று நம்மில் ஒருவர் இன்னொருவரைக் கேட்டு நான் பார்த்ததில்லை. நானும் கேட்டதில்லை. என்னைக் கேட்க வைத்தது ஒரு மழை.

2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. முந்தைய நாள் நான்கு மாநிலத் தேர்தல் முடிவுகள் வந்திருந்தன. வெள்ளிக்கிழமை நான் விற்று வைத்திருந்த நிஃப்டி கால் ஆப்ஷன், சந்தை எதிராகத் திறந்தால் 9:16-க்கு வாங்கி முடிக்கப்பட வேண்டும். அப்படித்தான் எழுதியிருந்தேன். ஆனால் அன்று சென்னையில் மிக்ஜாம் புயல் மழை. எங்கள் தெருவில் முட்டளவுத் தண்ணீர். விடியும் முன்பே கரண்ட் போய்விட்டது. யூபிஎஸ் நாற்பது நிமிடம் தாங்கியது. பிறகு ஃபைபர் போனது, அதற்குப் பின் செல்போன் சிக்னலும். மும்பையில் வழக்கம்போல 9:15-க்குச் சந்தை திறந்தது. நிஃப்டி அன்று 2 சதவீதம் ஏறி முடிந்தது, மறுநாளும் ஏறியது. நான் மொட்டை மாடியில் போனை வானத்தை நோக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். புரோக்கரின் தொலைபேசி எண்கூட அவர்களுடைய செயலிக்குள்ளேதான் இருந்தது. செவ்வாய் மதியம் சிக்னல் திரும்பி நான் பொசிஷனை முடித்தபோது, ஆறு மாதமாக அந்த நிரல் சேர்த்துத் தந்தது அத்தனையும் போய், கைக்காசும் சேர்ந்து போயிருந்தது.

அன்று என் நிரலில் ஒரு வரிகூடத் தவறில்லை என்பதைக் கவனியுங்கள். விதி சரி, கணக்கு சரி. அதே நாளை பேக்டெஸ்டில் ஓட்டினால் சின்ன நஷ்டத்தோடு முடிகிறது. பேக்டெஸ்டில் மழை பெய்வதில்லை.

"இதுக்குத்தான் கிளவுட் சர்வர் எடுன்னு சொன்னேன்" என்று உங்களில் பாதிப் பேர் இப்போது முணுமுணுப்பது கேட்கிறது. எடுத்தேன். மும்பையிலேயே ஒரு சர்வர், மாத வாடகை. முதல் நாள் அது 9:15 வரை காத்திருந்தது. அதன் கடிகாரம் யுடிசி-யில் ஓடிக்கொண்டிருந்ததால், அதற்கு 9:15 ஆனபோது நமக்குப் பிற்பகல் 2:45. அன்று சிரித்துவிட்டுச் சரி செய்தேன். பட்டப்பகலில், கண்ணெதிரே, முதல் நாளே வெளிப்படும் பிழைகள் எல்லாம் நல்ல பிழைகள். நான் உங்களிடம் முறையிட வந்தது மற்ற வகையைப் பற்றி. முதல் நாள் ஓடும், முதல் வாரம் ஓடும், நாற்பதாவது நாள் நீங்கள் ஊருக்குப் போயிருக்கும்போது நின்றுபோகும் வகை.

என்னுடையது லாக் ஃபைலில் நின்றது. ஒவ்வொரு விலை மாற்றத்தையும் எழுதிவைக்கச் சொல்லியிருந்தேன். பின்னால் ஆராயலாமே என்ற பேராசை. இரண்டு மாதத்தில் டிஸ்க் நிரம்பியது. எழுத இடமில்லாததால் நிரல் தடுமாறி விழுந்தது. விழுந்ததைப் பதிவு செய்யவும் இடமில்லை. இன்னொரு நண்பருக்கு மெமரி. நாள் முழுக்க வந்த விலைகளை ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டே போய், அதைக் காலி செய்ய மறந்துவிட்டார். ஓரிரு நாளில் ஒன்றும் தெரியாது. மூன்றாவது வாரம், பிற்பகல் இரண்டு மணிக்கு, சர்வரே அந்த நிரலைக் கொன்றுவிட்டது.

நாம்தான் கற்றுக்குட்டிகள், பெரியவர்கள் இப்படிச் சறுக்கமாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்காவின் பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு ஒரு ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. அது நேரத்தை நொடியில் பத்தில் ஒரு பங்காக எண்ணிக்கொண்டிருந்தது. பத்தில் ஒன்று என்ற பின்னத்தை இரும எண்ணில் முழுமையாக எழுத முடியாது. 24 பிட்டில் வெட்டி எழுதினால் துளியிலும் துளியாய் ஒரு பிசகு. சில மணி நேரத்துக்கு அது பொருட்டே இல்லை. அந்த அமைப்பு சுமார் 100 மணி நேரம் நிற்காமல் ஓடியிருந்தது. பிசகு ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்காக வளர்ந்திருந்தது. ஸ்கட் வரும் வேகத்துக்கு அது அரை கிலோமீட்டருக்கு மேல். 28 வீரர்கள் இறந்தார்கள். என்னை உறுத்துவது என்னவென்றால், நீண்ட நேரம் ஓட்டினால் சிக்கல் வரும் என்ற எச்சரிக்கை முன்பே போயிருந்தது. "நீண்ட நேரம்" என்றால் எத்தனை மணி என்று மட்டும் அதில் இல்லை. திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்தது மறுநாள்.

போயிங் 787 விமானத்திலும் இதே ஜாதிப் பிழை. மின் உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் அலகுகள் தொடர்ந்து 248 நாள் அணைக்கப்படாமல் ஓடினால், உள்ளே இருக்கும் ஓர் எண்ணி நிரம்பி வழிந்து எல்லா மின்சாரமும் போய்விடலாம் என்று 2015-ல் கண்டுபிடித்தார்கள். உடனடித் தீர்வாக அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் சொன்னது, அவ்வப்போது அணைத்துப் போடுங்கள் என்பதுதான்.

உங்கள் நிரல் நிற்காமல் எத்தனை நாள் ஓட முடியும்? எண்ணாகச் சொல்லுங்கள். "நல்லாத்தான் ஓடிட்டிருக்கு" என்பது எண் இல்லை.

நமக்கு ஒரு பாக்கியம் இருக்கிறது, அதைத்தான் நாம் சலித்துக்கொள்கிறோம். நம் பங்குச் சந்தை 3:30-க்கு மூடிவிடுகிறது. புரோக்கர் தரும் டோக்கனும் தினமும் காலாவதியாகிறது. காலையில் மறுபடி உள்ளே நுழைய வேண்டும். இது தொல்லை என்று நீங்கள் எல்லோரும் புலம்பக் கேட்டிருக்கிறேன். அதைத் தாண்டுவதற்காக ஒருமுறைக் கடவுச்சொல்லை (டோட்டிபி) உருவாக்கும் ரகசியச் சாவியை நிரலுக்குள்ளேயே எழுதிவைத்து, அந்தக் கோப்பை கிட்ஹப்பிலும் ஏற்றிவிடுகிறவர்கள் நம்மிடையே உண்டு. நான் கட்சி மாறிவிட்டேன். தினமும் மாலை நிரலை முழுதாக அணைக்கிறேன்; காலையில் புதிதாக எழுப்புகிறேன். நூறு நாள் நிற்காமல் ஓடும் நிரலை எழுதும் திறமை எனக்கில்லை. ஆறேகால் மணி நேரம் ஒழுங்காக ஓடுவதை நூறு முறை செய்ய வைப்பது எனக்கு முடிகிற வேலை.

ஆனால் தினமும் எழுப்பினால் இன்னொரு கேள்வி வருகிறது. எழுந்ததும் அது முதலில் யாரை நம்புகிறது? நம்மில் பெரும்பாலோரின் நிரல் தன் நினைவை மட்டும் நம்புகிறது. நடுவில் செத்து மறுபடி எழுந்தால் நினைவு காலி. "கையில் ஒன்றுமில்லை" என்று முடிவு செய்து புதிதாக ஒரு பொசிஷன் எடுக்கிறது. கோவையில் ஒரு நண்பருக்கு நடந்தது இது. நிரல் விழுந்தால் உடனே எழுப்பும்படி சர்வரில் ஏற்பாடு செய்திருந்தார், பெருமையாகவும் சொன்னார். ஒருநாள் ஆர்டர் போடும் வரிக்கு அடுத்த வரியில் ஒரு பிழை. ஆர்டர் போனது, நிரல் விழுந்தது, சர்வர் எழுப்பியது, ஆர்டர் போனது, நிரல் விழுந்தது. மார்ஜின் தீர்ந்துபோய் புரோக்கர் மறுத்ததால்தான் அது நின்றது. அந்த மறுப்பு வராமலிருந்தால் என்று அவர் இன்றும் பேச்சை முடிப்பதில்லை.

எழுந்ததும் புரோக்கரிடம் பொசிஷன் பட்டியலையும் ஆர்டர் பட்டியலையும் கேட்கட்டும். தன் குறிப்போடு அது ஒத்துப்போனால் தொடரட்டும். ஒத்துப்போகாவிட்டால் ஒன்றும் செய்யாமல் உங்களைக் கூப்பிடட்டும். ஐந்து நிமிடத்தில் மூன்று முறை விழுந்தால் நான்காவது முறை எழவே வேண்டாம். ஆர்டர் அனுப்பி பதில் வராமல் நேரம் கடந்தால், அது போகவில்லை என்று அர்த்தமில்லை. போயிருக்கலாம், பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். மறுபடி அனுப்பும் முன் ஒவ்வொரு ஆர்டருக்கும் நீங்கள் வைத்த அடையாளக் குறியை ஆர்டர் பட்டியலில் தேடிப் பாருங்கள். வெப்சாக்கெட்டும் அப்படித்தான். அறுந்தால் சொல்லிவிட்டு அறுகிறது என்று யாரும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. இணைப்பு உயிரோடு இருப்பதுபோலவே இருக்கும், விலை மட்டும் வராது. கடைசியாக வந்த விலையையே நடப்பு விலை என்று நம்பி உங்கள் ஸ்டாப்லாஸ் நிம்மதியாகத் தூங்கும். வந்த விலைக்கு எத்தனை நொடி வயது என்று பார்க்காத நிரலிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ஸ்டாப்லாஸ் என்றதும் இன்னொன்று. அது எங்கே இருக்கிறது? நிரலின் நினைவிலா, சந்தையின் ஆர்டர் புத்தகத்திலா? நினைவில் இருந்தால், நிரல் சாகும்போது அதுவும் கூடவே சாகிறது. சந்தையில் போட்டுவைத்தால் நீங்கள் வெள்ளத்தில் நின்றாலும் அது அங்கே இருக்கும். ஆப்ஷனில் இப்போது லிமிட் வகை ஸ்டாப்லாஸ்தான் போட முடியும், விலை தாவினால் அதைத் தாண்டிப் போய்விடும் என்று நீங்கள் வாதிடலாம். உண்மை. அந்த ஆர்டருக்கு ஒரு நாள்தான் ஆயுள் என்பதும் உண்மை; டிசம்பர் 4 காலையில் அது என்னைக் காப்பாற்றியிருக்காது. நான் அதிலிருந்து எடுத்த முடிவு, மேலே பாதுகாப்புக்கு ஓர் ஆப்ஷனை வாங்கிவைக்காமல் எதையும் விற்றுவிட்டு இரவைக் கடப்பதில்லை என்பது. லாபம் குறைகிறது. குறையட்டும்.

2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேபிடல் நிறுவனத்துக்கு நேர்ந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 45 நிமிடத்தில் 40 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். எட்டு சர்வர்களில் ஏழில் மட்டும் புதிய நிரலை ஏற்றினார்கள்; எட்டாவதில் பல வருடங்களாகப் பயன்படாத பழைய நிரல் அப்படியே கிடந்தது. அந்தப் பழசை எழுப்பும் அதே கொடியை (ஃப்ளாக்) புதுசுக்கும் மறுபயன்பாடு செய்திருந்தார்கள். இதுவரை எல்லோரும் சொல்வார்கள். நான் உங்களிடம் சொல்ல நினைப்பது அதற்கு முன்னும் பின்னும் நடந்தவை. சந்தை திறக்கும் முன்பே அவர்களுடைய அமைப்பு 97 மின்னஞ்சல்கள் அனுப்பியது, ஏதோ கோளாறு என்று. அவை எச்சரிக்கை என்ற தகுதியில் வரவில்லை, யாரும் பொருட்படுத்தவில்லை. கோளாறு வெடித்த பிறகு, பதற்றத்தில், சரியாக ஓடிய ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை நீக்கினார்கள். எட்டாவதில் இருந்த நோய் எட்டுக்கும் பரவியது.

இப்போது உங்கள் டெலிகிராமைத் திறந்து பாருங்கள். ஒரு நாளைக்கு உங்கள் நிரல் எத்தனை செய்தி அனுப்புகிறது? என்னுடையது நூற்றுக்கு மேல் அனுப்பியது. நான் அதை மியூட் செய்துவிட்டேன். மியூட் செய்த காவல்காரனுக்கு எதற்குச் சம்பளம்? இப்போது மூன்று செய்திகள்தான்: காலையில் எழுந்தேன், மாலையில் முடித்தேன், இடையில் ஏதும் தவறானால் அது. ஆனால் செத்துப்போன நிரலால் "செத்துவிட்டேன்" என்று செய்தி அனுப்ப முடியாது. அதனால் வேறொரு இடத்தில், வேறொரு இணைப்பில், ஒரு சிறிய நிரல் இருக்கிறது. பெரியது நிமிடத்துக்கு ஒரு முறை "இருக்கிறேன்" என்று சொல்லும். மூன்று நிமிடம் சொல்லாவிட்டால் சிறியது என் போனை அடிக்க வைக்கும். செய்தி இல்லை, அழைப்பு. மீட்டிங்கில் இருந்தாலும் எடுப்பேன்.

நிரல் மாறாமலே இருந்தாலும் உலகம் மாறும் என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். 2024 நவம்பரில் நிஃப்டி லாட் 25-லிருந்து 75 ஆனது. 2025 செப்டம்பரில் வார எக்ஸ்பைரி வியாழனிலிருந்து செவ்வாய்க்குப் போனது. 2025 பிப்ரவரி 1 சனிக்கிழமை. பட்ஜெட் என்பதால் சந்தை திறந்திருந்தது. சனி என்றால் விடுமுறை என்று எழுதிவைத்தவர்களின் நிரல்கள் அன்று தூங்கின, வெள்ளிக்கிழமை பொசிஷனோடு. இந்த எண்களையும் நாட்களையும் நிரலுக்குள் கையால் எழுதாதீர்கள். தினமும் காலையில் புரோக்கர் தரும் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

2025 பிப்ரவரியில் செபி வெளியிட்ட சுற்றறிக்கையைத் திட்டாதவர் நம்மில் யாருமில்லை. நிலையான ஐபி முகவரி, இரண்டு அடுக்குச் சரிபார்ப்பு, ஆர்டர்களுக்கு அடையாளம் என்று நீள்கிறது. எனக்கும் சில எரிச்சல்கள் உண்டு. ஆனால் அதில் ஒளிந்திருக்கும் ஒரு விளைவை நீங்கள் யோசித்தீர்களா என்று தெரியவில்லை. வீட்டு நெட் போனால் போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டிக்கொள்ளலாம் என்பதுதான் நம் பலரின் மாற்று ஏற்பாடு. ஹாட்ஸ்பாட்டுக்கு வேறு ஐபி. அங்கிருந்து நிரல் அனுப்பும் ஆர்டரை வாங்கமாட்டார்கள். மாற்று முகவரியைப் பதிவு செய்ய என்ன வழி என்று புரோக்கரிடம் இன்றே கேளுங்கள். கணக்கில் டிரேடிங்கையே முடக்கும் கில் ஸ்விட்ச் பற்றியும் அப்படியே கேளுங்கள். சில புரோக்கர்களிடம், பொசிஷன் திறந்திருந்தால் அந்தப் பொத்தான் வேலை செய்யாது. அவசரத்தில் அழுத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா அது?

"9:20-க்குப் போட்டுவிட்டுத் தூங்குங்கள், ஆல்கோ சம்பாதிக்கும்" என்று வகுப்பு நடத்துகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று செபியின் ஆய்வே சொல்கிறது. அதே ஆய்வில், வெளிநாட்டு முதலீட்டாளர்களின் லாபத்திலும் தரகு நிறுவனங்களின் சொந்தக் கணக்கு லாபத்திலும் மிகப் பெரும்பங்கு ஆல்கோ மூலம் வந்தது. இந்த இரண்டாவது வரியைத்தான் வகுப்புகளில் படம் போட்டுக் காட்டுகிறார்கள். அந்த ஆல்கோக்களுக்குப் பின்னால் ஷிப்ட் போட்டு ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்வதில்லை. நம் ஆல்கோவுக்குப் பின்னால் இருப்பது நாம் ஒருவர்தான், அதுவும் ஆபீஸ் நேரத்தில்.

அந்த ஒருவருக்கும் காய்ச்சல் வரும். விபத்து நடக்கும். உங்கள் வீட்டில் இருப்பவர்களுக்கு மேசைக்கடியில் ஓடுவது என்னவென்று தெரியுமா? என் மனைவிக்குத் தெரியாமல் இருந்தது. இப்போது ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. புரோக்கரின் டீலிங் நம்பர், என் கிளையன்ட் ஐடி, சர்வரை அணைக்கும் முறை, "எல்லாவற்றையும் முடித்துவிடச் சொல்லி புரோக்கரிடம் என்னைப் பேச வை, நான் பேச முடியாத நிலையில் இருந்தால் இந்த நண்பனைக் கூப்பிடு" என்று ஒரு பெயர். அவள் அதைப் படித்துவிட்டு, "இதுக்கு நீங்களே உட்கார்ந்து பார்க்கலாமே" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

என் வேண்டுகோள் இதுதான். அடுத்த வாரம் ஒரு நாள் லீவு போடுங்கள். ஒரே ஒரு லாட், அதுவும் பாதுகாப்புக்கு வாங்கிவைத்த ஆப்ஷனோடு சேர்த்து, உங்கள் நிரலை உண்மையாக ஓட்டுங்கள். பத்தரை மணிக்கு, பொசிஷன் திறந்திருக்கும்போது, நெட் கேபிளைப் பிடுங்குங்கள். அது தெரிந்துகொள்கிறதா, உங்களுக்குச் சொல்கிறதா என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். பிறகு மாட்டுங்கள். பன்னிரண்டு மணிக்கு நிரலைக் கொல்லுங்கள்; எழுந்ததும் அது முதலில் செய்யும் காரியம் என்ன என்று பாருங்கள். இரண்டு மணிக்குக் கணினியின் மின்சாரத்தையே அணைத்துவிட்டு, போனிலிருந்து பொசிஷனை முடிக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று எழுதிவையுங்கள். கிளவுடில் ஓட்டுகிறவர்கள் சர்வரை அப்படியே நிறுத்துங்கள். இதில் சில நூறு ரூபாய் போகலாம். உங்களுக்கு இதுவரை யாரும் எடுக்காத பாடம் அது, வகுப்புக் கட்டணத்தைவிட மலிவு.

அன்றைக்கு என்ன உடைந்தது என்பதை, அடுத்த முறை டீ குடிக்கும்போது, பேக்டெஸ்ட் பேச்சு தொடங்கும் முன், எங்களுக்கும் சொல்லுங்கள். நான் பிடுங்கியபோது என் நிரல் பதினோரு நிமிடம் ஒன்றுமே தெரியாமல் இருந்தது.

அன்புடன்,
உங்களில் ஒருவன்